மருந்து இல்லாத பார்சல்

வேலு,

இந்தக் கவரைப் பிரித்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். பாப்பாவின் காதுவலிக்கு என்று நீ கேட்ட இளஞ்சிவப்பு மருந்து இதில் இல்லை. லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் இன்று நாலு மணிக்குக் கடைக்கு வந்து பார்சலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அவன் கையில் இந்தக் காகிதங்களைத்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சு வரைக்கும் ஒருத்தன் சுமந்து வந்தது வெறும் காகிதத்தையா என்று பல்லைக் கடிப்பாய். கடித்துவிட்டுப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பாய். போனில் நீ "சாப்டியாப்பா" என்பாய், நான் "ஆச்சுடா" என்பேன், பாப்பா ஒரு முறை கையை ஆட்டுவாள், அதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். நீ அங்கே போனதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நமக்கு அப்படித்தான் போகிறது. நான் சொல்ல வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தில் அடங்காது. அடங்கினாலும், திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "இங்க டாக்டருங்க ஒண்ணுமே குடுக்க மாட்டேன்றாங்கப்பா. வலிக்கு மட்டும் ஏதோ குடுத்துட்டு, ரெண்டு நாள் பாக்கலாம்னு அனுப்பிடுறாங்க. சின்ன வயசுல எனக்குக் குடுப்பியே, அந்த பிங்க் மருந்து, அதுல ரெண்டு பாட்டில் அனுப்பு. வீட்ல இருக்கட்டும்" என்றாய். இந்தக் குளிர்காலத்தில் பாப்பாவுக்குக் காது வலிப்பது இது மூன்றாவது தடவை என்று உன் குரலே களைத்துப்போயிருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றும் பார்க்காமல் மாடியிலிருந்து இறங்கிக் கடை ஷட்டரைப் பாதி தூக்கினேன். லைட்டைக்கூடப் போடவில்லை. கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போயிற்று. இரண்டு பாட்டில், அளந்து ஊற்ற மூடி, உடையாமலிருக்க மேலே தினசரித்தாள் சுற்று, அதற்கு மேல் பழுப்புக் கவர். கவரின் மேல் பேனாவால் எழுதினேன்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின். எழுதி முடித்துப் பார்த்தேன். அதே கையெழுத்து. உன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த கவரிலும் இதே வார்த்தைகள், இதே சாய்வில் இருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து பாட்டில்களை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தேன்.

நீ கடைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. கீழே கடை, மேலே வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அப்போது முதலியார்பேட்டையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டருக்கு வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள், மில் வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் நேராக நம் கடைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, ரெண்டு நாளா ஜுரம். நல்லா கேக்குற மாத்திரையா ரெண்டு வேளைக்குக் குடு" என்பார்கள். நான் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், கத்தரிக்கோலை எடுப்பேன், அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை வெட்டிக் கொடுப்பேன். நான்கு போதாது, முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று படித்த எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். மறுநாள் அவர்கள் வாசலில் நின்று "உன் கைராசிண்ணே" என்று சொல்வதைக் கேட்க அவ்வளவு பிடிக்கும் எனக்கு. அந்த ஆசைக்கு என்ன பெயர் என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்: அது கர்வம்.

உன்னையும் நான் விட்டு வைக்கவில்லை. ஒரு தும்மல் போட்டால் மாத்திரை, தொண்டை கரகரத்தால் மாத்திரை. மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு விளையாடப் போகும்போது நீ ஸ்பூனுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்பாய். பத்து வயது வரைக்கும் மாதத்தில் பாதி நாள் வயிறு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்தாயே, அதற்கும் என் ஸ்பூனுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று இப்போது யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் யோசிக்கவே இல்லை என்பது மட்டும் நிச்சயம். வயிறு சரியில்லை என்றால் அதற்கும் ஒரு மாத்திரை வைத்திருந்தேன்.

உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருடம். பல் டாக்டர் பிடுங்கிவிட வேண்டும் என்றார். அவளுக்கு ஊசி என்றால் பயம், பிடுங்குவதென்றால் அதைவிடப் பயம். கன்னம் வீங்கும்போதெல்லாம் என் கடைக்கு இறங்கி வந்து, வாடிக்கையாளர் மாதிரி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "டாக்டரய்யா, நல்ல மாத்திரையா குடுங்க" என்று கிண்டல் செய்வாள். "பல்லைப் புடுங்கிட்டா ஒரே நாளோட போயிடும்டி" என்றால், "உங்க கையால குடுத்தாதான் எனக்குக் கேக்கும்" என்பாள். நானும் கொடுத்தேன். லேசானது கேட்கவில்லை என்று அடுத்த தடவை கொஞ்சம் பலமானது. அதற்கடுத்த தடவை கடையில் இருந்ததிலேயே பலமானது. நாலைந்து மாதத்தில் நாலு முறை. ஒரு சீட்டு கிடையாது, ஒரு டாக்டரைக் கேட்டது கிடையாது. நாலாவது முறை முடிந்த வாரத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது.

இந்த இடத்தை நன்றாகப் படி, வேலு. அது ஆரம்பித்தது நீ ஊருக்கு வருவதற்கு நாலு நாள் முன்னால். உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளை வருகிறான், நோணாங்குப்பம் போட் அவுசுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறான், அந்த நேரத்தில் நான் படுத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்றாள். "எப்படியாவது நிறுத்திக் குடுங்க, ஒரு நாளைக்கு" என்றாள். நான் நிறுத்திக் கொடுத்தேன். வயிற்றைக் கட்டும் மாத்திரையோடு இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த நோய்க்கு அப்படிக் கட்டவே கூடாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது வெளியே போகாமல் உள்ளேயே தங்கி இன்னும் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அந்த மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் உன்னோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். படகில் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, மணலில் இறங்கி அலையில் கால் நனைத்தது, திரும்பி வந்து ரோட்டோரத்துக் கடையில் நாம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தது. உனக்கு நண்டு ஓட்டை உடைக்கச் சோம்பல், உனக்கும் எனக்கும் வஞ்சிரம் வறுவல். அம்மாவுக்கு மட்டும் நீயே போய் பெரிதாக இரண்டு நண்டைப் பொறுக்கி, மசாலா தூக்கலாகப் போடச் சொல்லி வாங்கி வந்து இலையில் வைத்தாய். உலகத்தில் அவளுக்கு நண்டைவிடப் பிடித்தது ஒன்று கிடையாது என்று உனக்குத் தெரியும். நடுவில் தண்ணீர் பாட்டில் வாங்க எழுந்து போனாய். திரும்பி வந்து அவள் இலையில் குவிந்து கிடந்த ஓட்டைப் பார்த்து, "அதுக்குள்ள முடிச்சிட்டியாம்மா! சரியான ஆளுதான் நீ" என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், வார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன வயசு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை எடுத்துட்டு இருந்தாங்க சார்?" என்று கேட்டாள். நான் பெயர், அளவு, எத்தனை நாள் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முப்பது வருடக் கடைக்காரன், ஒரு எழுத்து தவறவில்லை. அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "குடல்ல நல்ல பாக்டீரியா நெறைய இருக்கும் சார். கெட்டது பெருகாம அதுங்கதான் பாத்துக்கும். சிலது விஷம் மாதிரி ஒண்ணு சுரந்து பக்கத்துல வர்றத கொன்னுடும். தொடர்ந்து இவ்ளோ ஆன்டிபயாடிக் போனா அதுங்க எல்லாம் செத்துடும். அப்ப உள்ள பதுங்கி இருக்கிற ஒரு கிருமி தனியாளா பெருகிடும். அதோட நஞ்சுதான் இப்ப குடல அரிச்சிட்டு இருக்கு" என்றாள். சாப்பாட்டில் வந்ததாக இருக்காதா என்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு பதில் வேண்டியிருந்தது. அவள் தலையை ஆட்டி, "இல்ல சார், டெஸ்ட்ல அதுதான் வந்திருக்கு" என்றாள். நான் கையைக் கூப்பி, "எங்க பையனுக்கு மட்டும் தெரிய வேணாம்மா" என்றேன். "அது உங்க குடும்ப விஷயம் சார். ஆனா அவர் வெளிய உக்காந்து அழுதுட்டு இருக்காரு" என்றாள்.

வெளியே வந்தேன். நீ சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நண்டாலதானேப்பா? நான்தானே வாங்கியாந்து வச்சேன்? சொல்லுப்பா" என்றாய். வேலு, நான் பொய் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "அழாதடா" என்றேன். நீ கேட்டதற்கு அது பதில் இல்லை. பதில் இல்லை என்பதைத்தான் நீ பதிலாக எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அவள் போய்விட்டாள். கொள்ளி வைக்கும்போது நீ குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மன்னிச்சிடும்மா என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில், காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு, பிள்ளை கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். அடுத்த வருடமே உனக்கு அங்கே வேலை கிடைத்தது, கிளம்பும் பிள்ளையிடம் இதையெல்லாமா பேசுவது என்று நினைத்தேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்று, பாப்பா பிறந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் கையோடு இருந்தது. மாத்திரைக்குக் காலாவதித் தேதி போடுகிறார்கள், சொல்ல வேண்டிய வார்த்தைக்கு யாரும் போடுவதில்லை. ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு ஊருக்கு வந்தாய். கடலூர் ரோட்டில் போகும்போது நோணாங்குப்பம் பாலம் வந்ததும் நீ குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாய். அதில் ஒன்றுமில்லை, திரை இருட்டாகத்தான் இருந்தது. நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன வருடம் மருமகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். நீங்கள் விருந்துக்குப் போன வீட்டில் நண்டு வைத்தார்களாம், நீ பாதி சாப்பாட்டில் எழுந்து போய் வெளியே பனியில் நின்றாயாம். "எங்கம்மாவ நான்தான் சாகடிச்சேன்னு சொல்றாரு மாமா. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். "சொல்றேம்மா" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வந்தாய், "சாப்டியாப்பா" என்றாய். "ஆச்சுடா" என்றேன். அவள் இன்றுவரை நான் சொல்லிவிட்டதாக நினைத்திருக்கிறாளோ என்னவோ.

அந்த டாக்டரம்மா சொன்ன விஷத்தைப் பற்றி நான் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தேடித்தேடிப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாப்பாவின் அப்பா நீ, உனக்குத் தெரிய வேண்டும். குடலில் எண்ணிக்கையில் அடங்காத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடித்துவிடாமலிருக்க அவற்றில் பல விஷம் தயாரிக்கின்றன. பாக்டீரியோசின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அட்டை அட்டையாக வெட்டி விற்றதும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துதான், ஆனால் அது எதிரில் வந்ததையெல்லாம் அடிக்கும். இவற்றின் விஷம் பெரும்பாலும் குறி பார்த்து அடிக்கும். அதிலும் நெருங்கிய சொந்தத்தைத்தான் அதிகமாக அடிக்குமாம், ஏனென்றால் ஒரே சாப்பாட்டுக்கும் ஒரே இடத்துக்கும் போட்டிக்கு வருவது சொந்தம்தானே. நம் ஊர் பங்காளிச் சண்டை மாதிரி என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். தான் செய்த விஷம் தன்னையே கொன்றுவிடாமலிருக்க முறிவையும் அதே பாக்டீரியா கூடவே செய்து வைத்துக்கொள்கிறது. இன்னொன்றையும் படித்தேன். சில வகைகளுக்கு அந்த விஷத்தை வெளியே விட வழி கிடையாதாம். தன் உடம்பை உடைத்துக்கொண்டுதான் விட முடியும். கூட்டத்தில் சிலது மட்டும் அப்படி உடைந்து செத்துப்போகும், கூடப் பிறந்த மற்றவை பிழைத்துக்கொள்ளும். அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இத்தனை பேர் உள்ளே உட்கார்ந்து உன் அம்மாவைக் காவல் காத்திருக்கிறார்கள். நான் கைராசிக்காரன் என்று பெயர் வாங்குவதற்காக அவர்களை ஒருத்தர் விடாமல் துரத்தியிருக்கிறேன். இந்த விஷங்களிலிருந்தே, கெட்டதை மட்டும் அடித்து மற்றதைத் தொடாத மருந்து செய்ய முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். வரட்டும். வந்தால் நானே வாங்கித் தட்டில் வைப்பேன், டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது என்று நான் கடையில் எழுதிப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. முதலில் சிரித்தார்கள். பிறகு கோபித்துக்கொண்டார்கள். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாளே, மீன் விற்கும் அஞ்சலை, அவள் ஒரு நாள் வந்து நின்றாள். "இன்னாண்ணே, எனக்கே இல்லன்றியா?" என்றாள். "டாக்டராண்ட காட்டிட்டு வாம்மா, குடுக்குறேன்" என்றேன். "வயசாவ ஆவ உன் கொணமே மாறிப்போச்சுண்ணே" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஏன் மாறினேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இப்போது என்னை யாரும் டாக்டர் அண்ணே என்று கூப்பிடுவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், மத்தியானம் மெஸ்ஸிலிருந்து ஒரு சாப்பாடு வருகிறது, அதைப் பாதி வைத்துச் சாயங்காலத்துக்கும் சாப்பிடுகிறேன். சில நாள் சில்லறை கேட்டு வருகிறவனைத் தவிர வேறு யாரோடும் பேசியிருக்க மாட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மயில்கழுத்துப் புடவை நின்றால் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன், யாரோ தலைவலி மாத்திரைக்கு வந்திருப்பார்கள். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது, வேலு. உன்னைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால் உன்னிடம் சொன்னேன்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இருக்கும் டாக்டர் இரண்டு நாள் பார்ப்போம் என்றால் பார். வலிக்கு அவர் கொடுப்பதைக் கொடு, மடியில் போட்டுத் தூங்க வை. ஜுரம் ஏறினாலோ காதில் ஏதாவது வழிந்தாலோ தாமதிக்காமல் திரும்பக் கூட்டிப்போ. அவரே ஆன்டிபயாடிக் எழுதினால் பயப்படாமல் கொடு, சொன்ன நாள் வரைக்கும் கொடு. அந்த மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை, எத்தனையோ உயிரை அது காப்பாற்றியதை இந்தக் கவுண்டரில் நின்று பார்த்தவன் நான். வீட்டில் மட்டும் வாங்கி வைக்காதே. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் பெற்ற மனசு எடுத்துவிடும், அது அன்பு மாதிரியே இருக்கும். அழுகிற குழந்தைக்கு ஒன்றும் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். எனக்கு அது கடைசி வரைக்கும் வரவில்லை.

மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ எனக்காக இரக்கப்பட்டு, "அப்பா பழிய தன் மேல போட்டுக்கிறாரு, நண்டாலயும் கொஞ்சம் ஆகியிருக்கும்" என்று நினைத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவள் உயிரோடிருந்த வரைக்கும் அது அவளுக்குக் கொடுத்த வாக்கு, அதற்குப் பிறகு அது எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம். இன்றைக்கு அதை உடைக்கிறேன்.

நீ தண்ணீர் பாட்டில் வாங்க எழுந்து போனாயே, அப்போது அவள் முகம் வெளுத்திருந்தது. வாசனையே அவளுக்கு ஆகவில்லை. நீ இரண்டு கடை தள்ளிப் போகும் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, இரண்டு நண்டையும் அப்படியே எடுத்து என் இலையில் வைத்தாள். "சீக்கிரம் சாப்டுங்க, புள்ள வந்துடப் போறான். மொத சம்பளத்துல வாங்கியாந்திருக்கான், நான் தொடலன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவான். அவனாண்ட சொல்லிடாதீங்க, எம்மேல சத்தியம்" என்றாள். நான் அவசர அவசரமாக உடைத்துத் தின்றேன். தின்னத் தின்ன அவள் ஓட்டையெல்லாம் பொறுக்கித் தன் இலையில் குவித்துக்கொண்டாள், விரலில் கொஞ்சம் மசாலாவைக்கூடத் தடவிக்கொண்டாள். அப்புறம்தான் நீ வந்து சிரித்தாய்.

அவள் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, வேலு. இரண்டையும் தின்றவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்டு ரொம்ப நன்றாக இருந்தது.

அப்பா